வண்டிப்பாதையில் பதின்மூன்று நாள்

வீரம்மாளின் ஆதார் அட்டையில் பிறந்த தேதி 01.01.1981 என்று இருக்கிறது. அது தவறு. எங்கள் ஊர் ஏரியின் உபரி நீர் வழியும் கலங்கல் உடைந்த மாதத்தில் அவள் பிறந்ததாக அவள் அம்மா சொல்லியிருக்கிறாள். கலங்கலைத் திரும்பக் கட்டிய தேதி அங்கே கல்லில் வெட்டியிருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் அவள் 1983 கார்த்திகையில் பிறந்திருக்க வேண்டும். கால் உடைந்த அன்று அவளுக்கு முப்பத்தெட்டு முடிந்து முப்பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது.

உத்திரமேரூரிலிருந்து தெற்கே ஏழு கிலோமீட்டரில் எங்கள் ஊர். ஊருக்கு வெளியே ஏரிக்கரையை ஒட்டி இருபத்திரண்டு வீடுகள் கொண்ட இருளர் குடியிருப்பு. அதில் கிழக்கிலிருந்து நாலாவது வீடு வீரம்மாளுடையது. கணவன் பெயர் மாசி. பிள்ளைகள் இல்லை. பதினாறு பெண்கள் சேர்ந்த நடவு செட்டுக்கு அவள்தான் தலைவி. எந்த நிலத்தில் எந்த நாளில் இறங்குவது என்பதை அவள் சொல்வாள், மற்றவர்கள் கேட்பார்கள். வரிசை கோணாமல் நடுவதற்குக் கயிறு பிடிப்பதும் அவள்தான். பக்கத்து இரண்டு ஊர்ச் செட்டுகளும் அவளைக் கேட்காமல் எங்கள் ஏரிப் பாசனத்தில் இறங்குவதில்லை.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் யார் எந்த நாளில் என்ன செய்தார் என்பது ஒன்றும் மறக்காது. ஒருமுறை ஒரு நிலக்காரர் வீட்டில் நடவுப் பெண்களுக்குக் கொட்டாங்கச்சியில் தண்ணீர் கொடுத்தார்கள். அவள் சண்டை போடவில்லை, தண்ணீரையும் குடித்தாள். அன்றைய நடவை முடித்துக் கரையேறினாள். அதற்குப் பிறகு பதினோரு வருடம் அவள் செட்டு அந்த நிலத்தில் கால் வைக்கவில்லை. அவர் நிலத்தை விற்ற பிறகுதான் வைத்தது.

தாமோதரன் அப்படிப்பட்டவர் இல்லை. தண்ணீரைச் சொம்பில் கொடுப்பார். சொந்தத்தில் நாலரை ஏக்கர், குத்தகையில் ஆறு ஏக்கர், ஒரு டிராக்டர். வயது ஐம்பத்திரண்டு. அவரைக் கெட்டவர் என்று அதுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

2022 செப்டம்பர் 2, வெள்ளிக்கிழமை, காலை 8.20. சம்பா பட்டத்துக்குச் சேற்றுழவு நடந்துகொண்டிருந்தது. டிராக்டர் திரும்ப முடியாத மூலையில் வீரம்மாள் மண்வெட்டியால் வரப்பு கழித்துக்கொண்டிருந்தாள். டிராக்டரைத் தாமோதரனே ஓட்டினார், ஒரு கையில் போன். சேற்றில் ஓட்டுவதற்காக டயருக்குப் பக்கத்தில் இரும்புப் பட்டைகளால் ஆன ஒரு கூண்டுச் சக்கரம் மாட்டுவார்கள், கேஜ் வீல் என்று பெயர். அவர் திரும்பிப் பார்க்காமல் வண்டியைப் பின்னால் எடுத்தார். கேஜ் வீலின் பட்டை அவளுடைய இடது காலில், முழங்காலுக்குக் கீழே அடித்தது. இரண்டு எலும்பும் முறிந்தன. முன் எலும்பின் முனை தோலைக் கிழித்துக்கொண்டு சேற்றுக்குள் வந்து, அவளைத் தூக்கும்போது திரும்ப உள்ளே போய்விட்டது. வெளியே தெரிந்தது இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு ஓட்டை மட்டும்.

அந்த ஓட்டை சிறிதாக இருந்ததுதான் அவளுக்கு வினையாயிற்று.

தாமோதரனின் டிராக்டருக்கு இன்சூரன்ஸ் முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. காலை வாய்க்கால் தண்ணீரில் கழுவி, துண்டால் கட்டி, தன்னுடைய மினி லோடு வண்டியில் ஏற்றி, பதினாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு எலும்புக் கட்டு வைத்தியரிடம் கொண்டுபோனார். வைத்தியர் வெளியூர் போயிருந்தார். பதினோரு மணிக்கு மேல் வந்து, முட்டை வெள்ளைக் கருவும் உளுத்தம் மாவும் குழைத்துத் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டுக்கு மேல் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. மூன்று மணிக்கு அவரே பயந்துபோய்க் கட்டைப் பிரித்து, துடைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையில் அவளை இறக்கியபோது மாலை 5.40. மொத்தம் ஒன்பது மணி இருபது நிமிடம்.

இறக்குவதற்கு முன் தாமோதரன் வண்டியின் பின்பக்கம் வந்து நின்று பேசியதை வீரம்மாள் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரு சொல் மாறாமல் சொல்வாள்.

"டிராக்டர்னு சொன்னா போலீஸ் கேஸு ஆவும். ஸ்டேசன்ல மொதல்ல யாரைக் கூப்புடுவான்? மாசியைத்தான். மோட்டார் கேஸு மறந்துட்டியா? கொளத்துப் படியில இப்போதான் வயுக்கி வுயுந்துட்டேன்னு சொல்லு. மீதிய நான் பாத்துக்கறன்."

மோட்டார் கேஸ் என்பது 2014இல் நடந்தது. யாரோ திருடிய தண்ணீர் மோட்டாருக்காக மாசியைப் பிடித்துப்போய் நாலு நாள் வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் உண்மையான திருடன் அகப்பட்டான். மாசியின் வலது கையில் இரண்டு விரல் இன்றும் மடங்காது. குடியிருப்பில் யாருக்கு அடிபட்டாலும் விழுந்துவிட்டேன் என்று சொல்வதுதான் அதற்குப் பிறகு வழக்கம். பாம்பு கடித்தாலும் முள் குத்தியது என்பார்கள். வீரம்மாளும் அப்படித்தான் சொன்னாள்.

நான் அந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்து 2011இல் ஓய்வு பெற்றவன். ஊரில் என்னை ரைட்டர் என்பார்கள். விபத்துப் பதிவேட்டின் நகலைப் பிறகு முறைப்படி மனு எழுதி வாங்கினேன். 'மாலை 4.30 மணியளவில் குளத்துப் படிக்கட்டில் வழுக்கி விழுந்ததாக நோயாளி கூறுகிறார்' என்று இருக்கிறது. கீழே அவள் இடது கட்டைவிரல் ரேகை. அழைத்துவந்தவர் என்ற இடத்தில் தாமோதரன், உறவு: ஊர்க்காரர்.

மருத்துவர்கள் அந்த வரியை நம்பினார்கள். ஒரு மணி நேரத்துக்கு முந்தைய காயம், சின்ன ஓட்டை, படிக்கட்டில் விழுந்தது. காயத்தைக் கழுவித் தைத்தார்கள். நாலாம் நாள், செப்டம்பர் 6, எலும்பின் நடுக்குழாய் வழியாக ஒரு கம்பியைச் செலுத்தி முறிவைச் சேர்த்தார்கள். படிக்கட்டில் விழுந்த காலுக்கு அதுதான் சரியான வைத்தியம். 19ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அக்டோபர் 8 அன்று தையல் போட்ட இடம் சிவந்து, மறுநாள் சீழ் வந்தது. மாத்திரை கொடுத்தார்கள், நின்றது. பன்னிரண்டு நாளில் திரும்ப வந்தது. ஊசி போட்டார்கள், நின்றது, திரும்ப வந்தது. குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்தவில்லை. ஆனால் அந்தப் பக்கம் காற்று வீசும்போது கதவைச் சாத்திக்கொண்டார்கள். வீரம்மாள் அதையும் கவனித்தாள். அவர்கள் மேல் அவளுக்குக் கோபமில்லை.

நவம்பர் 14, திங்கட்கிழமை. எலும்பு அறுவைப் பிரிவின் டாக்டர் ஷீபா கம்பியை வெளியே எடுத்து, அழுகிய சதையையும் செத்துப்போன எலும்பு விளிம்பையும் வெட்டிக் கழுவினார். மறுநாள் காலை வார்டுக்கு வந்தபோது அவர் கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது. அதில் சுண்டுவிரல் நகம் நீளத்துக்குப் பழுப்பாக ஏதோ மிதந்தது.

அது எலும்புக்குப் பின்னால் சதைக்குள் இருந்தது என்று சொல்லிவிட்டு, டாக்டர் கட்டிலில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டார்.

"நானும் வயக்காட்டு ஊர்க்காரிதான். இது அறுத்த நெல்லோட தாளு. கொளத்துப் படிக்கட்டுல நெல்தாளு எப்படிம்மா வந்துச்சு?"

வீரம்மாள் மாசியை வெளியே போய் டீ வாங்கிவரச் சொன்னாள். அவன் போன பிறகு காலை 8.20இலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. வயல் சேறு பட்ட காயம் என்றால் ஓட்டை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அதைப் பெரிய காயமாகத்தான் எடுத்துக்கொள்வோம், அகலமாகத் திறந்து இரண்டு மூன்று முறை கழுவுவோம், தைக்க மாட்டோம், மண்ணில் இருக்கும் கிருமிகளுக்கென்று வேறு மருந்தும் சேர்த்துக் கொடுப்போம், உள்ளே கம்பி வைக்க அவசரப்பட மாட்டோம் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். அப்படிச் செய்திருந்தாலும் சீழ் பிடிக்காது என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் அதற்கான வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருக்கும் என்றார்.

"அப்போ என் கால அழுக வச்சது அந்த இரும்பு இல்ல, டாக்டரம்மா," என்றாள் வீரம்மாள். "வண்டிக்குப் பின்னால நின்னுக்கினு அவன் சொல்லிக்குடுத்த பேச்சு."

அதுவரை அவள் தாமோதரனை மொதலாளி என்றுதான் சொல்லிவந்தாள். அன்றுமுதல் அவன், இவன்.

நவம்பர் 28 அன்று அவள் காலைச் சுற்றி நாலு இரும்பு வளையங்களை மாட்டினார்கள். வளையங்களிலிருந்து பத்துக் கம்பிகள் தோலைத் துளைத்து எலும்புக்குள் போய், முறிந்த பாகங்களை வெளியிலிருந்தே பிடித்துக்கொண்டன. ஏழு மாதம் அப்படியே இருக்க வேண்டும், ஜூன் கடைசியில் கழற்றலாம் என்றார்கள். கம்பி நுழையும் ஒவ்வொரு வாயையும் தினமும் காய்ச்சி ஆறிய உப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டும். புழுதி, சேறு, மாட்டுக்கொட்டகை பக்கமே போகக் கூடாது. ஒரு வாயில் கிருமி நுழைந்தாலும் அது கம்பியைப் பிடித்துக்கொண்டு எலும்புக்குள் போய்விடும், இன்னொரு முறை எலும்பில் சீழ் பிடித்தால் காலை எடுக்க நேரலாம் என்று டாக்டர் ஷீபா மாசியின் முன்னால் இரண்டு முறை சொன்னார்.

டிசம்பர் 16 அன்று அவள் ஆட்டோவில் என் வீட்டுக்கு வந்தாள். இறங்க முடியாததால் நான் ஆட்டோவுக்குப் போனேன். போலீசில் புகார் எழுதித் தருகிறேன் என்றேன். பதிவேட்டில் எழுதிய வரியை யாரும் அடிக்க முடியாது, ஆனால் அதன் கீழே தேதி போட்டு இன்னொரு வாக்குமூலத்தைச் சேர்க்கலாம் என்பதையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"நான் போய்ச் சொன்னா, அன்னிக்கு ஏன் பொய் சொன்னேம்பான். அப்புறம் நான்தான் பொய்க்காரி. அவன் வாயால சொல்லணும் ரைட்டரய்யா. நான் எந்த மேசையாண்ட பொய் சொன்னனோ, அதே மேசையாண்ட நின்னுக்கினு சொல்லணும்."

அவர் ஏன் சொல்வார் என்று கேட்டேன்.

"அவன் நாத்து வுடப் போறான் இல்ல," என்றாள்.

தாமோதரன் நவரைப் பட்டத்துக்கு டிசம்பர் 18 அன்று நாற்று விட்டார். பத்தரை ஏக்கருக்கும் சேர்த்து ஒரே நாற்றங்கால். அது குறுகிய கால நெல். இருபத்திரண்டிலிருந்து இருபத்தைந்து நாளுக்குள் பறித்து நட வேண்டும். முப்பது தாண்டினால் தூர் கட்டிக் கிளைக்காது. முப்பத்தைந்தில் நாற்றங்காலிலேயே கணு விட ஆரம்பித்துவிடும், அதற்குப் பிறகு மாட்டுக்குத்தான் ஆகும்.

நடவை நிறுத்த அவள் பாதையில் போய் உட்காரப் போவது மாசிக்குப் பிடிக்கவில்லை. என்னிடமே வந்து சொல்லிப் பார்த்தான். அவளிடம் மன்றாடியும் பார்த்தான். காலைப் பார், அவனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றானாம். அப்புறம் நாற்று இருக்காது என்றாளாம் அவள். எனக்கு அவனைவிட அவள் பக்கமே மனம் சாய்ந்தது என்பதை மறைக்கவில்லை. முப்பத்துநாலு வருடத்தில் வழுக்கி விழுந்தவர்கள் என்று எத்தனையோ பேரை அந்தப் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் உண்மையில் விழுந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

2023 ஜனவரி 11, புதன்கிழமை, நாற்றுக்கு இருபத்துநாலு நாள். அன்று காலை ஆறரைக்குத் தாமோதரன் நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டது. எதிரில் ஒரு மரப்பெட்டி, அதன் மேல் நாலு வளையம் மாட்டிய கால், காலின் மேல் ஒரு வெள்ளை வேட்டி. இடத்தை முந்தின நாளே புல வரைபடத்தைப் பார்த்து நான் அளந்து கொடுத்திருந்தேன். பாதை பஞ்சாயத்துக்குச் சொந்தம். அவருடைய எல்லைக் கல்லிலிருந்து நாற்காலி நாலடி தள்ளி இருந்தது.

நாற்றுப் பறிக்க வந்த பதினைந்து பெண்களும் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். ஒருவரும் கோஷம் போடவில்லை. தாமோதரன் வந்து, ஏன் இறங்கவில்லை என்று கேட்டார். செட்டில் வாய்க்காரி புஷ்பா.

"எறங்க மாட்டோம்னு யாரு மொதலாளி சொன்னது? அக்கா இல்லாம எங்களுக்குக் கயிறு புடிக்க வராது. அக்காவ எறங்கச் சொல்லு, நாங்க பின்னாலயே வர்றோம்."

அவர் வீரம்மாளைப் பார்த்தார். வீரம்மாள் வேட்டியை எடுத்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார். இரண்டாம் நாள் பக்கத்து ஊர்ச் செட்டுகளைக் கூப்பிட்டார், வரவில்லை. நடவு எந்திரம் கேட்டார். அதற்குப் பாய்போலச் சுருட்டி எடுக்கும் பாய் நாற்றங்காலில் விட்ட நாற்றுதான் பொருந்தும், இவர் விட்டது வயல் நாற்றங்கால் என்று எந்திரக்காரன் சொல்லிவிட்டான். நாலாம் நாள் ஒரு காவலரை அழைத்துவந்தார். அவரிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவர் எல்லைக் கல்லையும் நாற்காலியையும் பார்த்துவிட்டு, காலையும் பார்த்துவிட்டு, பொங்கல் நேரத்தில் எதற்கு வம்பு என்று தாமோதரனிடமே சொல்லிவிட்டுப் போனார்.

பொங்கல் கழித்து, ஜனவரி 17, நாற்றுக்கு முப்பது நாள். தாமோதரன் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வங்காளத்துக்காரர்கள் ஒன்பது பேரை வேனில் கொண்டுவந்தார். நல்ல வேலைக்காரர்கள், ஒரு நாளில் மூன்று ஏக்கர் நடுவார்கள். வேன் நாற்காலிக்கு முன்னால் நின்றது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. வீரம்மாளுக்கு அவர்கள் பேச்சு தெரியாது. அவள் வேட்டியை விலக்கி, காலைத் தொட்டாள். பிறகு வரப்போரம் நின்ற டிராக்டரின் கேஜ் வீலைக் காட்டினாள். பிறகு தாமோதரனைக் காட்டினாள். மூத்தவராகத் தெரிந்த ஒருவர் கீழே குந்தி, கம்பி நுழையும் இடங்களை வெகுநேரம் பார்த்தார். எழுந்து தன் ஆட்களிடம் ஏதோ சொன்னார். புஷ்பா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு ஒன்பது பேரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள்.

"வேன் இங்கதான் கீது," என்று தாமோதரன் பின்னாலேயே கத்திக்கொண்டு போனார்.

"ஹிந்தில கத்து மொதலாளி, அப்போதான் புரியும்," என்றாள் புஷ்பா.

அன்று பெண்கள் சிரித்த சிரிப்பில் வீரம்மாளும் சேர்ந்தாள். நான் அவள் சிரித்துப் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மாலைவரை அந்தச் சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் அதற்குள் நாலாவது கம்பியின் வாய் சிவந்திருந்தது. பத்துக் கம்பிகளுக்கும் நான் ஒரு அட்டவணை வைத்திருந்தேன். காலை, மாலை உடல் சூடு, எந்த வாயில் கசிவு, என்ன நிறம் என்று. ஏழாம் நாள் நாலாவது கம்பி சிவப்பு. எட்டாம் நாள் அதில் மஞ்சள் நீர். ஒன்பதாம் நாள் ஐந்தாவதும் சிவந்தது, சூடு 100.4. வண்டிப்பாதையில் ஒவ்வொரு டிராக்டர் போகும்போதும் புழுதி எழும்பும். மாசி ஓடிவந்து வேட்டியை இழுத்து மூடுவான், மூடியும் பயனில்லை. டாக்டருக்குப் போன் செய்யட்டுமா என்று கேட்டேன். நாற்றுக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று அவள் கேட்டாள். முப்பத்திரண்டு என்றேன்.

"இன்னும் மூணு நாலு நாளு ரைட்டரய்யா. அவன் வருவான்."

நான் போன் செய்யவில்லை. பத்தாம் நாள் சூடு 100.8, பதினோராம் நாள் 101. அப்போதும் செய்யவில்லை. அட்டவணையில் எல்லாவற்றையும் எழுதினேன். அதற்குமேல் எதுவும் செய்யவில்லை. அவள் காலை அவள் பணயம் வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

பன்னிரண்டாம் நாள் மாலை தாமோதரன் தனியாக வந்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள் இரண்டு பேரை முன்பே சமரசத்துக்கு அனுப்பியிருந்தார், அவள் அவர்களிடம் வாயே திறக்கவில்லை. இந்த முறை அவர் என்ன வேண்டும் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் நாற்றங்காலைத் திரும்பிப் பார்த்தார். முப்பத்தைந்து நாள் நாற்று, நுனி மஞ்சளாகியிருந்தது. நாளைக்குச் சொன்னால் நாற்று பிழைக்குமா என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது.

ஜனவரி 23, திங்கட்கிழமை. பதின்மூன்றாம் நாளும் அவள் ஆறரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கிருந்தே ஆட்டோவில் ஏற்றினோம். அவசரப் பிரிவின் அதே மேசை, பணியில் வேறு மருத்துவர், பக்கத்தில் மருத்துவமனைக் காவல் நிலையத்தின் ஏட்டு. தாமோதரன் தன் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு, சேற்றுழவில் தெரியாமல் வண்டி பட்டுவிட்டது என்றார்.

"வண்டிய யாரு ஓட்னது?" என்றாள் வீரம்மாள், சக்கர நாற்காலியிலிருந்து.

"நான்தான்."

"கையில இன்னா இருந்துச்சு?"

அவர் ஏட்டைப் பார்த்தார். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

"போனு."

"எத்தினி மணிக்கு அடிச்சே, எத்தினி மணிக்கு இங்க எறக்குனே, நடுவுல எங்க வச்சிருந்தே, எறக்கறதுக்கு முன்னால என்னாண்ட இன்னா சொன்னே. எல்லாத்தையும் சொல்லு தாமோதரா. ஐயா எயுதட்டும்."

ஊரில் பிறந்த நாளிலிருந்து அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட இருளர் யாருமில்லை. அவர் சொன்னார். இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. மருத்துவர் எழுதியதைப் படித்துக் காட்டினார். தாமோதரன் கையெழுத்துப் போட்டார். பழைய வரியை யாரும் அடிக்கவில்லை. அதன் கீழே இது இருக்கிறது, 23.01.2023 தேதியுடன். ஏட்டு அன்றே வழக்குப் பதிவு செய்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் தாமோதரன் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"சொல்லிட்டன். இப்பவே போன் பண்ணு. மத்தியானமாவது ஆளுங்கள எறக்கச் சொல்லு."

"எறக்கறேன்னு நான் எப்போ சொன்னேன்?"

அவர் என்னைப் பார்த்தார். அவள் அப்படிச் சொல்லவில்லை என்பதற்கு நானே சாட்சி. என்ன வேண்டும் என்று அவர் கேட்டார், அவள் சொன்னாள், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக என்ன தருவாய் என்று அவர் கேட்கவேயில்லை. வீரம்மாளிடம் அப்படிக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அவரைப் பொறுத்தவரை அவள் எப்போதும் தனக்குக் கடன்பட்டவள். பத்தரை ஏக்கர் நாற்றும் நாற்றங்காலிலேயே முற்றியது. ஒரு வாரம் கழித்து மாடுகளை விட்டு மேய்த்தார்கள். அந்தப் போகம் நிலம் தரிசாகக் கிடந்தது.

வாக்குமூலம் எழுதிய மருத்துவர் வீரம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்தார். 102.6. அவளை அங்கிருந்தே வார்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் ஷீபா வந்து வேட்டியை விலக்கிப் பார்த்ததும் என்னிடம் அட்டவணையைக் கேட்டார். பக்கம் பக்கமாகப் படித்தார். ஒன்பதாம் நாளில் விரலை வைத்து, இதை எழுதிய கையால் எனக்கு ஒரு போன் போட முடியவில்லையா என்று கேட்டார்.

பிப்ரவரி 3 அன்று நாலாவது, ஐந்தாவது கம்பிகளை எடுத்துவிட்டு, எலும்பை மறுபடி திறந்து, அழுகிய பாகத்தை மூன்று சென்டிமீட்டர் வெட்டினார்கள். கால் போகவில்லை. நூலிழையில் தப்பியது என்று டாக்டர் சொன்னார். வளையங்களை ஜூனில் கழற்ற முடியவில்லை. அக்டோபர் 17 அன்று கழற்றினார்கள். கிட்டத்தட்ட நாலு மாதம் கூடிற்று. இடது கால் மூன்று சென்டிமீட்டர் குட்டை. இனிமேல் அவள் சேற்றில் இறங்கக் கூடாது. வரப்பில் நின்று கயிறு பிடிக்கச் சொல்லலாம், நட முடியாது.

கழற்றிய அன்று டாக்டர் கடைசியாகக் காலை அமுக்கிப் பார்த்தார். எங்கும் கசிவில்லை. அந்தப் பதின்மூன்று நாள் வீட்டில் இருந்திருந்தால் கால் இவ்வளவு குட்டையாகியிருக்காது என்று தெரியுமா என்று கேட்டார்.

"தெரிஞ்சிதான் ஒக்காந்தேன் டாக்டரம்மா."

திரும்பும்போது ஆட்டோவை வண்டிப்பாதை முனையில் நிறுத்தச் சொன்னாள். மாசி வேண்டாம் என்றான். அவள் கைத்தடியை ஊன்றி இறங்கினாள். தாமோதரனின் நிலம் பச்சையாக இருந்தது. சம்பாவுக்குப் பாய் நாற்றங்கால் விட்டு எந்திரத்தால் நட்டிருந்தார். செட்டு இல்லாமலே நடக் கற்றுக்கொண்டார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அங்கங்கே நாற்று விழாமல் சொட்டை சொட்டையாக இருந்ததை நின்று பார்த்தாள். பொக்கை வாய் மாதிரி கீது என்றாள். ஆனால் பச்சை பச்சைதான்.

தாமோதரன் மடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் குனிந்து மடையைத் திருத்துவதுபோல ஏதோ செய்தார்.

வீரம்மாள் தடியை மாசியிடம் கொடுத்தாள். சேற்றில் இறங்கும் பெண்கள் செய்வதுபோலப் புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கி இடுப்பில் செருகினாள். வளையங்கள் இருந்த இடத்தில் பத்துத் தழும்பு, நடுவில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு குழி. அப்படியே பாதையின் நடுவில் நின்றாள். மாசி கையைப் பிடித்து இழுத்தான். அவள் நகரவில்லை. தாமோதரன் நிமிர்ந்து பார்க்கும்வரை நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்த பிறகும் நின்றாள்.